அதே கை

முதல் வருசம் மிசின் சத்தத்துக்கே
ஓடையைத் தாண்டி ஓடிவிடும்.
நான் பெடலில் காலை வைத்தால்
அடிவாரம் முழுக்கக் காது முளைக்கும்.
சோளத்தட்டைக்கு மேலே காதுகள் மட்டும்,
காற்றடித்தும் அசையாத இலைகள்.

விளக்குத்தூண் கடையிலிருந்து
வெட்டிய துணி வாரம் ஒரு மூட்டை வரும்.
நைட்டி ஒன்றுக்குப் பதினோரு ரூபாய்,
நூல் நம்முடையது.
பாலமேட்டுக்கு வடக்கே
கரண்டுக் கம்பம் முடிகிற இடத்தில் எங்கள் வீடு.
அதற்குப் பிறகு சிறுமலைதான்.

இரண்டாம் வருசக் கோடையில் ஓடை வற்றியது.
விரிசல் விட்ட சிமெண்ட் தொட்டியில்
மாட்டுக்கு வைத்த கழுநீரை
விடியுமுன்னே யாரோ குடித்திருந்தார்கள்.
நாய் குரைக்கவில்லை.
மண்ணைப் பார்த்தேன்:
பிளந்த புளியங்கொட்டை மாதிரி
இரண்டிரண்டாய்த் தடம்.

"உன் கஷ்டமர் வந்துட்டுப் போயிருக்கு"
என்றார் சோலைமுத்து, சைக்கிளுக்குக் காற்றடித்தபடி.

பிறகு நடந்ததை எப்போது என்று சொல்லத் தெரியாது,
மடியில் பிள்ளை எந்த நிமிசம் தூங்கியது என்று
சொல்லத் தெரியாததுபோல.
நூறு தப்படி. எழுபது தப்படி.
கொடிக்கம்பி.
கடைசியில் படலுக்கு இந்தப் பக்கம்.
காய்ந்த நைட்டி ஒன்றை மென்று பார்த்தது ஒருநாள்,
கடைக்காரர் நூற்றிருபது பிடித்துக்கொண்டார்.
குக்கர் விசிலுக்கு மிரண்டு ஓடியது
குக்கர் விசிலுக்கு வர ஆரம்பித்தது.
முள்ளங்கி இலை, அடிபட்ட கொய்யா, தர்பூசணித் தோல்,
ஜன்னலிலிருந்தே வீசுவேன்.
இடது காது நுனி கிழிந்த பெட்டை.
பேர் வைக்கவில்லை.
வைத்தால் ரேஷன் கார்டில் சேர்க்கச் சொல்வார் இவர்.

பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.
நாத்தனார் வந்தால் கூப்பிட்டுக் காட்டுவேன்.
மினிபஸ் டிரைவர் இறங்கிவந்து படமெடுத்துப் போனார்.
காட்டில் இருக்கிற ஒன்று
என் அடுப்புச் சத்தத்தை நம்புகிறது என்பது
கணக்கு நோட்டில் ஏறாத கூலி.

வாட்சர் அமல்ராஜ் அப்போதே சொன்னார்,
"உங்களுக்குப் பழகுனா எல்லாருக்கும் பழகும்க்கா.
அதுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது."
மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஐப்பசியில் மறுபடி வந்தார்.
வண்டியை அணைக்கவில்லை,
ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:
"கீழ ஓடைக்கிட்ட ஒண்ணு. கண்ணியெல்லாம் இல்ல,
நடந்துபோயே பிடிச்சிருக்கானுங்க.
ஓடவே இல்லையாம்.
கையில என்ன வச்சிருக்கான்னு
பாத்துக்கிட்டே நின்னுச்சாம்."

எந்தக் காது என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு இரண்டு நைட்டிக்கு
வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.
பிரித்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு
வேர்க்க வேர்க்க மறுபடி தைத்தேன்.

மூன்றாம் நாள் பொழுதிறங்கும் நேரம்
படலுக்கு இந்தப் பக்கம் நின்றது,
கிழிந்த காதோடு.
பின்னால் புள்ளி இன்னும் காயாத ஒரு குட்டி.

நெஞ்சு குளிர்ந்தது முதலில்.
பிறகு கல்லை எடுத்தேன்.
போ என்றேன்.
போ சனியனே என்றேன்,
மாட்டைக்கூட அப்படித் திட்டியதில்லை நான்.
வீசினேன்.
அதன் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

மான் குனிந்தது.
கல்லை மோந்தது. நக்கியும் பார்த்தது.
நிமிர்ந்து என் கையைப் பார்த்தது,
அடுத்து என்ன என்பதுபோல.
தாய் பார்க்கிற இடத்தையே
குட்டியும் பார்த்தது.

இரண்டாவது கல்லைப் பொறுக்கினேன்.
இந்த முறை குறி வைத்தேன்.

உள்ளே குக்கர்
விசிலுக்கு முந்திய அந்தச் சீறலில் இருந்தது.